முகப்பருவும் 'சுத்தம்' என்ற சொல்லும்

உதவித்தொகை நிலுவை, விடுதிச் சாப்பாடு, வன்கொடுமை வழக்கு என்று எழுதிக்கொண்டிருக்கும் நாங்கள் முகப்பருவைப் பற்றி எழுதினால் சில தோழர்கள் சிரிக்கக்கூடும். சிரித்துவிட்டுப் படியுங்கள். எங்கள் மாலைநேரப் படிப்பு வட்டத்துக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் 16 வயதுக்கும் 22 வயதுக்கும் இடைப்பட்டவர்கள். அவர்கள் தனியாக வந்து கேட்கும் கேள்விகளில் சாதிச் சான்றிதழுக்கு அடுத்தபடியாக அதிகம் வருவது முகத்தைப் பற்றியதுதான். "அக்கா, இதுக்கு என்ன போடலாம்?" கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை. கூட்டம் முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது, பக்கத்தில் ஆள் இல்லையா என்று பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள்.

காய்ச்சல் வந்தால் யாரும் மறைப்பதில்லை. பருவை மட்டும் ஏன் மறைக்க வேண்டும்? அதோடு ஒட்டிக்கொண்டு வரும் ஒரு சொல்தான் காரணம்: சுத்தம். பரு வந்த முகத்தைப் பார்த்ததும் "சோப்புப் போட்டு நல்லா கழுவு", "தலகாணி உறைய எப்பத் தொவச்ச?" என்றுதான் ஊர் கேட்கும். எல்லாப் பிள்ளைகளையும்தான் கேட்கும். ஆனால் நம் பிள்ளைகளைக் கேட்கும்போது அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி நிற்கிறது. எங்கள் வட்டத்து மாணவி ஒருவரிடம் வகுப்புத் தோழி அதை வெளிப்படையாகவே கேட்டிருக்கிறாள்: "உங்க பக்கம் எல்லாம் தண்ணி கம்மிதானே, அதான் போல." அன்றிலிருந்து அந்தப் பெண் ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை முகம் கழுவினாள். பரு குறையவில்லை. தோல் வறண்டு உரிந்தது, எரிந்தது. பிறகு துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு கல்லூரிக்குப் போனாள். பிறகு வாரத்தில் இரண்டு நாள் போகாமல் இருந்தாள்.

பரு வருவது அழுக்கினால் என்று அவளும் நம்பியிருந்தாள். அது பொய் என்பதை முதலில் தெரிந்துகொள்வோம்.

பரு எப்படி வருகிறது

நம் தோலில் முடி முளைக்கும் நுண்துளை ஒவ்வொன்றோடும் ஒரு எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கிறது. தோல் காய்ந்துவிடாமல் காப்பதற்காக அது ஒருவகைக் கொழுப்பைச் சுரக்கிறது. முகம், மார்பு, முதுகு ஆகிய இடங்களில் இந்தச் சுரப்பிகள் பெரிதாகவும் நெருக்கமாகவும் இருக்கின்றன. அதனால்தான் பரு அங்கெல்லாம் வருகிறது, உள்ளங்கையில் வருவதில்லை. பருவ வயதில் ஆண், பெண் இருவர் உடலிலும் ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன்கள் கூடுகின்றன. அவை இந்தச் சுரப்பிகளைத் தூண்டுகின்றன, எண்ணெய் கூடுகிறது.

அதே சமயத்தில் துளையின் உள்சுவரில் இருந்து உதிர வேண்டிய செத்த செல்கள் சரியாக உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. எண்ணெயும் செல்களும் சேர்ந்து துளையை அடைக்கின்றன. க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா எல்லோர் தோலிலும் குடியிருப்பது. காற்றுப் போகாத, எண்ணெய் நிறைந்த அடைப்புக்குள் அது பெருகுகிறது. உடலின் எதிர்ப்பாற்றல் அங்கே திரள்கிறது. வீக்கம், வலி, சீழ் எல்லாம் இதன் விளைவு. எண்ணெய், அடைப்பு, பாக்டீரியா, அழற்சி: இந்த நான்கும் சேர்ந்ததுதான் பரு. நான்குமே தோலுக்குள்ளே நடப்பவை. வெளியிலிருந்து ஒட்டும் தூசுக்கு இதில் பெரிய வேலை இல்லை. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கடுமையாகப் பரு இருந்திருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம்.

12 முதல் 24 வயது வரை உள்ளவர்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினருக்கு ஏதோ ஓர் அளவில் பரு வருவதாகத் தோல் மருத்துவ நூல்கள் சொல்கின்றன. பங்களாவில் இருப்பவருக்கும் வரும், குடிசையில் இருப்பவருக்கும் வரும். அக்ரகாரத்துப் பிள்ளைக்கும் வரும், சேரிப் பிள்ளைக்கும் வரும்.

மூக்கின் மேல் இருக்கும் கரும்புள்ளியை எல்லோரும் அழுக்கு என்றுதான் நினைக்கிறோம். நகத்தால் பிதுக்கி எடுத்து, "பாரு எவ்ளோ அழுக்கு" என்போம். அதுவும் அழுக்கில்லை. அடைப்பின் வாய் திறந்திருந்தால் மேலே உள்ள கொழுப்பு காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அதிலுள்ள மெலனினும் சேர்ந்து கறுப்பாகத் தெரிகிறது. மெலனின் என்பது நம் தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் அதே பொருள்தான். நம் நிறத்தையே அழுக்கு என்று நினைத்துப் பிதுக்கிக்கொண்டிருக்கிறோம்.

ஊர் சொல்லும் மற்ற காரணங்கள்

"யாரையோ நெனச்சிட்டிருக்கா, அதான் பரு" என்று பெண்களைக் கேலி செய்வார்கள். "கைப்பழக்கம் இருக்கும்" என்று ஆண் பிள்ளைகளை மிரட்டுவார்கள். இரண்டுக்கும் ஆதாரம் கிடையாது. உடல் வளர்வதையே குற்றமாக்கி, பிள்ளைகளைக் குனிந்து நடக்க வைக்கும் பேச்சுகள் இவை.

சாப்பாட்டு விஷயத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. இரத்தச் சர்க்கரையைச் சட்டென ஏற்றும் உணவுகளான இனிப்பு, கூல்டிரிங்ஸ், மைதாப் பண்டங்கள் சிலருக்குப் பருவை அதிகப்படுத்துகின்றன. பாலும், ஜிம்முக்குப் போகும் தம்பிகள் கலக்கிக் குடிக்கும் வே புரோட்டீன் பவுடரும் சிலருக்கு அப்படித்தான். மாட்டுக்கறி சாப்பிட்டால் சூடு, அதனால் பரு என்று சொல்பவர்களுக்கு ஒரு பதில் போதும்: கறியை விடப் பாலுக்கும் சர்க்கரைக்கும் எதிராகத்தான் அறிவியலிடம் அதிக ஆதாரம் இருக்கிறது. அவர்கள் கறியைப் பற்றிப் பேசுவது தோலுக்காக அல்ல.

வேலையாலும் பரு வரும். மெக்கானிக் கடையிலும் லேத் பட்டறையிலும் எண்ணெய் ஊறிய சட்டையோடு நாள் முழுக்க நிற்கும் பையன்களுக்குக் கையிலும் தொடையிலும் பரு கிளம்பும். தொழிற்சாலை எண்ணெய்கள் துளைகளை அடைப்பதால் வருவது அது. ஹெல்மெட் பட்டை உரசும் தாடையில் வரும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வழிய வழியத் தேய்த்தால் நெற்றியில் வரும். பெண்களுக்கு மாதவிடாய் மாதக்கணக்கில் தள்ளிப்போய், தாடையிலும் கன்னத்திலும் பரு விடாமல் வந்து, முகத்தில் முடியும் வளர்ந்தால் சினைப்பையில் நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கலாம். அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம். வெட்கப்பட வேண்டிய விஷயம் அல்ல.

சுத்தம் யாருடைய சொல்

1927 மார்ச் 20 அன்று மகாடில் அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் சவுதார் குளத்துக்கு நடந்துபோய்த் தண்ணீர் குடித்தார்கள். ஆடு மாடு குடித்த குளம் அது. அதுவரை யாருக்கும் தீட்டாகவில்லை. நாம் கை வைத்ததும் தீட்டாகிவிட்டது. சாதி இந்துக்கள் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து அந்தக் குளத்தில் ஊற்றி, மந்திரம் சொல்லி, 'சுத்தம்' செய்தார்கள்.

குடிக்கும் தண்ணீரில் சாணத்தைக் கரைத்துவிட்டு அதைச் சுத்தம் என்றவர்களின் அகராதியில் அந்தச் சொல்லுக்கும் சுகாதாரத்துக்கும் தொடர்பே இல்லை. யார் கை பட்டது என்பதுதான் அங்கே கணக்கு. பரு வந்த நம் பெண்ணைப் பார்த்து "உங்க பக்கம் தண்ணி கம்மிதானே" என்ற மாணவியும் அந்த அகராதியைத்தான் புரட்டுகிறாள், தனக்கே தெரியாமல். அவள் கன்னத்திலும் பரு இருந்தது. அதை அவள் 'ஹார்மோன்' என்றாள். நம் பெண்ணின் கன்னத்தில் இருந்ததைத் தண்ணீர்ப் பஞ்சம் என்றாள்.

நம் பகுதிகள் பலவற்றில் தண்ணீர் குறைவுதான், அதை மறைக்க ஒன்றுமில்லை. அது வெட்கப்பட வேண்டியதா, கேள்வி கேட்க வேண்டியதா? குழாய் ஏன் ஊர்த்தெரு வரை வந்து நின்றுவிடுகிறது என்று பஞ்சாயத்தைக் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்பவர் முகத்தில் பரு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

பருவை விடத் தழும்பு, தழும்பை விடக் கிரீம்

கறுத்த தோலில் பரு ஆறிய பிறகு அந்த இடத்தில் கரும்புள்ளித் தடம் நிற்கும். அழற்சி ஏற்பட்ட இடத்தில் தோல் அதிகமாக மெலனினை உண்டாக்குவதால் வருவது அது. மாதக்கணக்கில் இருக்கும், ஆனால் பெரும்பாலும் தானாக மங்கும். கிள்ளினாலும் வெயில் பட்டாலும் மேலும் கறுக்கும். வெளுத்த தோல்காரர்களை விட நம்மைப் போன்றவர்களுக்கு இது அதிகம். பரு பத்து நாளில் போய்விடுகிறது, தடம் ஆறு மாதம் நிற்கிறது. நம் பிள்ளைகள் மருந்துக் கடைக்குப் போவது பெரும்பாலும் இந்தத் தடத்துக்காகத்தான்.

கறுப்பைக் குறையாகப் பார்க்கும் நாட்டில் இது எங்கே கொண்டுபோய் விடும்? மணமகள் தேவை விளம்பரத்தில் 'சிவப்பான' என்று போடுகிறார்கள். 1975 முதல் விற்ற ஒரு முகக் கிரீம் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுக்க 2020 ஆக வேண்டியிருந்தது. நிறத்தை வைத்துச் சாதியைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்புகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். சென்னை மாகாணத்துப் பிராமணரும் பறையரும் ஒரே இனத்தவர் என்றும், சாதி இனப் பிரிவினை அல்ல, ஒரே இனத்து மக்களைக் கூறுபோட்ட சமூகப் பிரிவினை என்றும் 'சாதி ஒழிப்பு' உரையில் 1936இலேயே அம்பேத்கர் வாதிட்டுவிட்டார். தோல் நிறம் வெயிலையும் மரபணுவையும் சொல்லும். சாதியைச் சொல்லாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வட்டத்தில் எல்லோரையும் அவரவர் முகத்துக்குப் போடும் கிரீமை எடுத்துவரச் சொன்னோம். முதலில் நான்கு பேர்தான் கொண்டுவந்தார்கள். அவர்கள் மேசையில் வைத்ததைப் பார்த்த பிறகு மற்றவர்கள் பையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஆண் பிள்ளைகளிடமும் இருந்தன. டியூபின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைச் சத்தமாகப் படிக்கச் சொன்னோம். பீட்டாமெத்தசோன் என்று ஒருவர் படித்தார். மொமெட்டசோன், ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினோயின் மூன்றும் கலந்தது என்று இன்னொருவர் படித்தார். படைக்கு வாங்கிய கிரீமையே முகத்துக்கும் போட்டுக்கொண்டிருந்த தம்பியின் டியூபில் குளோபிட்டசோல் என்று இருந்தது. யாரிடமும் மருத்துவர் சீட்டு இல்லை. "தோழி சொன்னா", "மெடிக்கல்ல கேட்டேன், குடுத்தாங்க." துப்பட்டா சுற்றிக்கொண்டு போன பெண்ணின் கையிலும் ஒரு டியூப். எட்டு மாதமாகப் பூசுகிறாள். "நிறுத்துனா எரியுதுக்கா, அதான் விட முடியல" என்றாள்.

பீட்டாமெத்தசோனும் மொமெட்டசோனும் குளோபிட்டசோலும் ஸ்டீராய்டுகள். அரிப்பு, கரப்பான் போன்ற சில நோய்களுக்கு மருத்துவர் சில நாட்களுக்கு எழுதித் தரும் மருந்துகள் அவை. முகத்தில் பூசினால் இரத்தக் குழாய்கள் சுருங்கும், அழற்சி அடங்கும், தோல் வெளுத்துத் தெரியும். முதல் இரண்டு வாரத்தில் "சூப்பரா இருக்கே" என்பார்கள். பிறகு தோல் மெலியும். சிவந்த நரம்புக் கோடுகள் தெரியும். மெல்லிய முடி வளரும். முன்பை விடக் கொத்துக்கொத்தாகப் பரு வரும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். எரிச்சல் தாங்காமல் மறுபடி பூசுவார்கள், போதைப் பழக்கம் போல. ஸ்டீராய்டால் கெட்ட முகம் என்று தோல் மருத்துவர்கள் இதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். அந்த அளவுக்கு இந்த நாட்டில் இது பரவியிருக்கிறது.

தோல் மருத்துவர்கள் தொடர்ந்து குரல் கொடுத்ததால் 2018 மார்ச்சில் ஒன்றிய அரசு 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று ஷெட்யூல் எச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. சட்டம் வந்துவிட்டது. கடையில் கேட்டால் இன்னும் கொடுக்கிறார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தோடு பழகிய நமக்கு இது புதிதில்லை, தாளில் இருக்கும் சட்டத்தைத் தெருவுக்கு இழுத்துவர வேண்டியது நாம்தான். டியூபில் சிவப்புக் கோடும் ஆர்எக்ஸ் குறியும் இருந்தால் அது சீட்டு வேண்டிய மருந்து. பில் கேளுங்கள். பில் கொடுக்காமல் விற்றால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் புகார் எழுதலாம்.

எந்த விவரமும் அச்சிடாத டப்பாவில் வரும் 'ஒரே வாரத்தில் வெள்ளை' கிரீம்கள் இன்னும் மோசம். அவற்றில் பாதரசம் இருக்கக்கூடும். பாதரசம் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2023இல் கேரளத்தின் மலப்புறத்தில் இப்படிப்பட்ட கிரீம்களைப் பூசியவர்கள் சிறுநீரக நோயோடு மருத்துவமனைக்கு வந்த செய்தி வெளியானது. வெளுப்பதற்காகச் சிறுநீரகத்தை விலையாகக் கொடுக்க வேண்டுமா?

என்ன செய்யலாம்

காலையிலும் இரவிலும் ஒரு முறை, வேர்த்தால் இன்னொரு முறை, மென்மையாக முகம் கழுவினால் போதும். தேய்க்க வேண்டாம், ஸ்கிரப் வேண்டாம். எலுமிச்சைச் சாறு, டூத்பேஸ்ட், சமையல் சோடா வேண்டவே வேண்டாம். எலுமிச்சை பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுக்கும். பருவைக் கிள்ளாதீர்கள். கிள்ளினால் அழற்சி ஆழமாகப் போகும், குழித் தழும்பு விழும். கரும்புள்ளித் தடம் மங்கும், குழி எளிதில் மறையாது.

லேசான பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு 2.5 விழுக்காடு ஜெல் நல்லது. 10 விழுக்காட்டை விட இதில் எரிச்சல் குறைவு, பலன் ஏறத்தாழ அதேதான். துணியில் பட்டால் சாயம் போகும், பழைய துண்டைப் பயன்படுத்துங்கள். அடைப்புகள் அதிகம் இருந்தால் மருத்துவர்கள் அடாபலீன் எழுதித் தருவார்கள். இரவில் மெல்லிசாகப் பூச வேண்டும். கர்ப்பிணிகள் போடக்கூடாது. தடத்துக்கு அசலாயிக் அமிலம் தருவதுண்டு. எதுவானாலும் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். மூன்று நாளில் முகம் மாறினால்தான் சந்தேகப்பட வேண்டும். வெயிலுக்கு சன்ஸ்கிரீன் வாங்க முடிந்தால் வாங்குங்கள். முடியாதவர்களுக்குக் குடையும் தொப்பியும் போதும்.

வலிக்கும் கட்டிகள், குழித் தழும்பு, பருவால் மனம் சோர்ந்து வெளியே போகவே பிடிக்காத நிலை: இவை இருந்தால் காத்திருக்காதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. ஓபி சீட்டு வாங்கி வரிசையில் நின்றால் போதும். கடுமையான பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை உண்டு. ஆனால் அது கருவிலிருக்கும் குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும் என்பதால் மருத்துவர் கண்காணிப்பில்லாமல் எடுக்கவே கூடாது. ஏற்கெனவே மாதக்கணக்கில் ஸ்டீராய்டு கிரீம் பூசியவர்கள் பயந்து ஒளிக்காமல் டியூபையே கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள். எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்வார். எங்கள் வட்டத்துப் பெண் அப்படித்தான் போனாள். எரிச்சல் அடங்கவே நான்கு மாதம் ஆனது. இப்போது கல்லூரிக்கு ஒழுங்காகப் போகிறாள். பரு இன்னும் முழுதாகப் போகவில்லை. துப்பட்டா தோளில் கிடக்கிறது.

மருத்துவரிடம் போகும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். பரு சிவந்திருக்கும் என்று நூல்கள் எழுதுவது வெளுத்த தோலைப் பார்த்து. நம் தோலில் அது கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ தெரியும், வீக்கத்தைத் தொட்டுத்தான் உணர முடியும். இலண்டனில் மருத்துவ மாணவராக இருந்த மலோன் முக்வெண்டே என்ற கறுப்பின இளைஞர், பாடநூல்களில் கறுத்த தோல் இல்லையே என்று கேள்வி கேட்டார். பிறகு தன் ஆசிரியர்களோடு சேர்ந்து 2020இல் அதற்கென ஒரு கையேட்டையே வெளியிட்டார். படிக்கிற இடத்தில் இருந்துகொண்டு இப்படிக் கேள்வி கேட்க நம்மிலிருந்தும் மருத்துவ மாணவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். "வலிக்கிறது" என்று நீங்கள் சொன்னால், கண்ணுக்குச் சிவப்பாகத் தெரியவில்லை என்பதற்காக அந்த வலி இல்லாமல் போகாது. அழுத்திச் சொல்லுங்கள்.

விடுதியில் இருக்கும் தோழர்கள் தண்ணீருக்கும் மின்விசிறிக்கும் மனுக் கொடுக்கும்போது மாதம் ஒரு முறை மருத்துவர் வர வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அவரவர் வட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டியூப்களை மேசையில் வைத்து, பின்பக்கத்தைச் சத்தமாகப் படியுங்கள். ஒரு மணி நேர வேலைதான். அடுத்த மாதம் எந்தப் பிள்ளையாவது கூட்டத்தின் நடுவிலேயே கையைத் தூக்கி, "இதுக்கு என்ன போடலாம்?" என்று கேட்டால் அந்த ஒரு மணி நேரம் வீணாகவில்லை என்று அர்த்தம்.

ஜெய்பீம்.